எங்கள் பணியாளர்கள் ஏன் மீண்டும் மீண்டும் பயில்கிறார்கள்?

எச்.ஐ.வி. சிகிச்சையிலும் தடுப்பிலும் தொடர்கல்வி

"இன்று பிற்பகல் பணியாளர் பயிற்சி, மருந்து வழங்கல் நண்பகல் வரை மட்டும்" என்னும் அறிவிப்பை ஏ.ஆர்.டி. மையத்தின் வாயிலில் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி வந்தவருக்கு அந்த அறிவிப்பு எரிச்சலூட்டுவது இயல்பே. "இத்தனை ஆண்டுகளாக இதே நோய்க்கு மருந்து கொடுப்பவர்களுக்கு இன்னும் என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது?" என்று சிலர் எங்களிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. அதற்கு விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

சுருங்கக் கூறின், எச்.ஐ.வி. மருத்துவத்தில் நேற்று சரியென்று கற்பிக்கப்பட்டது இன்று தவறாகிப் போனது ஒருமுறையன்று, பலமுறை. அந்த மாற்றம் ஒரு மருத்துவரையோ செவிலியரையோ உரிய காலத்தில் எட்டாவிட்டால் இழப்பு அவருக்கு இல்லை. எதிரே அமர்ந்திருக்கும் நோயாளிக்கே. மருந்தைப் பற்றிய அறிவு பழையதானால் உடல் துன்புறும். தொற்றைப் பற்றிய அச்சம் பழையதாகவே நீடித்தால் மனம் துன்புறும். துன்புற்றவர் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. இந்த இரண்டாவது தீங்கே முதலாவதை விடக் கொடியது என்பது எங்கள் கருத்து.

கல்லூரியில் கற்றிராத நோய்

எய்ட்ஸ் என்னும் நிலை மருத்துவ உலகில் முதன்முதலாகப் பதிவானது 1981இல். அதற்குக் காரணமான வைரஸ் 1983இல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இத்தொற்று இருப்பதை முதலில் உறுதிப்படுத்தியது நம் தமிழ்நாடுதான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த நிர்மலா செல்லப்பன், தம் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது சிலவற்றில் தொற்று தென்பட்டது. நம் நாட்டில் இந்நோய் இல்லை என்று பலரும் நம்பியிருந்த காலம் அது.

அன்று பணியிலிருந்த மருத்துவர் எவரும் இந்நோயைப் பாடப்புத்தகத்தில் படித்தவர் அல்லர். தேர்வெழுதிப் பட்டம் பெற்று, அனுபவமும் பெற்ற பின்னர்தான் இதை அரிச்சுவடியிலிருந்து கற்றனர். எச்.ஐ.வி. மருத்துவத்தைப் பொறுத்தவரை தொடர்கல்வி என்பது கல்லூரிக் கல்வியோடு பிற்காலத்தில் சேர்ந்த ஒன்று அன்று. தொடக்கத்தில் இருந்த கல்வி அது ஒன்றுதான். டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும், எச்.ஐ.வி. உள்ளோரைப் பல மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய நாட்களில் அவர்களை உள்நோயாளராக ஏற்ற தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும், பிற ஊர்களின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சிக் களங்களாகவும் அமைந்தன. 2004 ஏப்ரலில் நடுவண் அரசு விலையின்றி ஏ.ஆர்.டி. மருந்து வழங்கத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மையங்களுள் தாம்பரமும் ஒன்று.

மாறிக்கொண்டே வந்த விதிகள்

அந்த 2004ஆம் ஆண்டில், இரத்தத்தில் சி.டி.4 எனப்படும் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பின்னரே பெரும்பாலோருக்கு மருந்து தொடங்கப்பட்டது. அன்றைய மருந்துகளின் பக்கவிளைவுகள் கடுமையானவை. எனவே இயன்றவரை தள்ளிப்போடுவதே நல்லது என்று கருதப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அந்த எல்லையை 350 ஆக்கியது. 2013இல் 500 ஆக்கியது. 2015இல் எல்லையையே நீக்கிவிட்டது. தொற்று உறுதியானவர் எவராயினும், சி.டி.4 எவ்வளவாயினும், உடனே சிகிச்சை தொடங்குவதே நலம் என்பது ஆய்வுகளால் தெளிவாயிற்று. இந்தியாவும் 2017இல் இக்கொள்கையை ஏற்றது.

நீங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012இல் ஒருவரிடம், "உங்களுக்கு இப்போது மருந்து தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று கூறிய மருத்துவர் தவறு செய்தவர் அல்லர், அன்றைய விதி அதுவே. ஆனால் அதே சொற்களை இன்று ஒருவர் கூறினால் அது தவறு. அன்று அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் சிலர், தமக்கு மருந்தே தேவையில்லை என்று எண்ணி இன்றுவரை வராமல் இருக்கக்கூடும். உங்கள் உறவிலோ அண்டையிலோ அப்படி எவரேனும் இருந்தால், விதி மாறிவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். உடல் நன்றாக இருந்தாலும் அவர் வரலாம்; வர வேண்டும்.

மருந்துகளும் மாறின. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட ஸ்டாவுடின் என்னும் மாத்திரை உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அதைப் பல ஆண்டுகள் உட்கொண்டோருக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று, கை கால்கள் மெலிந்தன, பாதங்கள் எரிந்தன. முகத்தைப் பார்த்தே ஊரார் நோயை ஊகித்துவிடுவார்கள் என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. 2009இல் அம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இன்று பெரும்பாலோர் பெறுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒருமுறை. பழைய மருந்தின் துன்பத்தால் விலகிச் சென்றவர் எவரும் அதே மருந்துக்குத் திரும்ப வேண்டியதில்லை.

அரைகுறையாகக் கற்பதன் ஆபத்து

டோலுடெக்ராவிர் குறித்து நடந்த ஒன்றை எங்கள் பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். 2018 மே மாதத்தில், ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் பிரசவங்களைக் கண்காணித்து வந்த ஓர் ஆய்விலிருந்து எச்சரிக்கை ஒன்று வெளியாயிற்று. கருவுறும் வேளையில் இம்மருந்தை உட்கொண்டிருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் மூளை, தண்டுவடக் குறைபாடுகள் சற்றே மிகுதியாகத் தென்பட்டன என்பதே செய்தி. உலகெங்கும் மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுக்கு இம்மருந்தைத் தரத் தயங்கினர். அதே ஆய்வு தொடர்ந்து நடந்து, மேலும் பல்லாயிரம் பிரசவங்களின் விவரம் சேர்ந்தபோது அந்த அபாயம் முதலில் எண்ணியதைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. 2019 ஜூலையில் பெண்கள் உட்பட அனைவருக்கும் இம்மருந்தையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பின்னர் வந்த விவரங்களில் பிற மருந்துகளுக்கும் இதற்கும் இவ்வகையில் வேறுபாடு காணப்படவில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். 2018இன் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, 2019இன் திருத்தத்தைக் கேளாத ஒரு செவிலியர் இருக்கிறார். கருவுற்ற பெண்ணொருத்தி அவரிடம் தன் மாத்திரையைக் காட்டுகிறாள். "ஐயோ, இதையா சாப்பிடுகிறாய்?" என்று அவர் ஒரு சொல் கூறினால் போதும், அப்பெண் அன்றே மருந்தை நிறுத்திவிடுவாள். சிகிச்சையே இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை. முறையான சிகிச்சையால் அதனை ஐந்துக்கும் கீழே கொண்டுவரலாம். குழந்தையின் நலம் கருதி அச்செவிலியர் சொன்ன சொல்லே குழந்தைக்குத் தீங்காக முடியும். எதுவுமே கேள்விப்படாதவர் பிறரைக் கேட்டுச் சொல்வார். பாதி கேட்டவர் உறுதியாகச் சொல்வார். ஆகவேதான் பயிற்சியை ஒருமுறையோடு நிறுத்துவதில்லை.

இதே மாத்திரை தொடர்பாக வீட்டிலும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் திரவ மருந்து ஆகியவை டோலுடெக்ராவிருடன் குடலில் பிணைந்து, அது இரத்தத்தில் சேர்வதைக் குறைத்துவிடும். கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் முதலிரண்டும் வழங்கப்படுகின்றன என்பதால் இது சிறிய செய்தி அன்று. டோலுடெக்ராவிர் மாத்திரையை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ உட்கொள்ளலாம். இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளாயின் உணவோடு சேர்த்து மூன்றையும் ஒரே வேளையில் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். வெறும் வயிற்றில் மட்டும் சேர்க்கக் கூடாது. வயிற்றெரிச்சல் மருந்துக்கு இச்சலுகை இல்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். டோலுடெக்ராவிர் அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும்.

காசநோய் இதைவிட முக்கியமானது. எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரைப் பறிக்கும் நோய்களில் இன்றும் முதலிடத்தில் நிற்பது அதுதான். அதற்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து, டோலுடெக்ராவிரை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். எனவே காசநோய்ச் சிகிச்சை நடைபெறும் காலத்திலும், அது முடிந்த பின் இரு வாரங்களுக்கும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் 50 மி.கி. டோலுடெக்ராவிர் கூடுதலாக ஒரு வேளை தரப்பட வேண்டும். பல ஊர்களில் காசநோய் மருந்து ஓரிடத்திலும் ஏ.ஆர்.டி. வேறோரிடத்திலும் கிடைக்கிறது. இரு இடத்துப் பணியாளர்களும் ஒரே அறையில் அமர்ந்து பயில வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதன் பொருட்டே. நீங்களும் ஓரிடத்து மருந்தை மற்றோரிடத்தில் தவறாமல் காட்டுங்கள்.

பிறருக்குப் பரவாத நிலை

கடந்த பதினைந்து ஆண்டுகளில் எங்களுக்குக் கிட்டிய பாடங்களுள் நோயாளிகளின் வாழ்க்கையை மிகுதியும் மாற்றியது எது என்று கேட்டால், தயங்காமல் இதைக் கூறுவோம்: மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலையை எட்டி, அதிலேயே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று அவருடைய துணைவருக்குப் பரவுவதில்லை.

இது ஆறுதலுக்காகச் சொல்லப்படுவது அன்று. ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளியானது. சென்னையும் புனேயும் அதில் பங்கேற்ற நகரங்கள். முன்கூட்டியே சிகிச்சை தொடங்கியதால் துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்தது. வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்த இணையர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிற்கால ஆய்வுகளில் அவ்வழியில் ஒருவருக்கும் பரவவில்லை. இந்த உறுதி உடலுறவைப் பற்றியது மட்டுமே. தாய்ப்பாலுக்கோ ஊசியைப் பகிர்ந்துகொள்வதற்கோ இதனை அப்படியே பொருத்திவிடக் கூடாது. குழந்தைக்குப் பாலூட்டுவது பற்றி ஆலோசகரிடம் தனியே பேசுங்கள்.

இவ்வளவு நல்ல செய்தியை ஏன் எல்லா மருத்துவப் பணியாளர்களும் நோயாளிகளுக்குச் சொல்வதில்லை? சிலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரோ, "சொன்னால் ஆணுறையை விட்டுவிடுவார்கள், மருந்தில் அசட்டையாகிவிடுவார்கள்" என்று தாமே முடிவுசெய்து மறைத்துவிடுகின்றனர். மறைக்க அவர்களுக்கு உரிமையில்லை என்பது எங்கள் நிலைப்பாடு. தம் துணைவருக்கு இனித் தீங்கில்லை என்று அறிந்தவர் மருந்தை இன்னும் ஒழுங்காக உட்கொள்வதையே நாங்கள் காண்கிறோம். சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் வைரஸ் அளவுப் பரிசோதனை செய்யப்படும். முடிவு என்ன என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அச்சத்தைக் களைவது

மருந்தின் பெயரையும் அளவையும் கற்பிப்பது எளிது. பல ஆண்டுகளாக ஊறிய அச்சத்தைக் களைவது அரிது. நோயாளியின் கட்டிலில் தனி அடையாளம் மாட்டுவது, நோய்க்குறிப்பின் மேல் சிவப்பு மையால் எழுதுவது, நாடி பார்க்க இரண்டு கையுறை அணிவது, அறுவை சிகிச்சைப் பட்டியலில் கடைசியில் தள்ளுவது, உணவுத்தட்டை எட்ட நின்று நகர்த்துவது: இவை எதுவும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆயினும் ஒரு தலைமுறை பணியாளர்கள் முன்னவரைப் பார்த்துப் பின்னவர் என இவற்றைக் கற்றுக்கொண்டனர். மருத்துவமனைக்குள் கற்கப்படுவதெல்லாம் நல்ல கல்வி அன்று.

இந்த அச்சத்திற்கு எண்களால் விடையளிக்க முயல்கிறோம். தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. தடுப்பூசி போடாத ஒருவருக்கு அதே வழியில் ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்போ நூற்றில் முப்பது வரை. ஆனால் எச்.ஐ.வி. என்றதும் பின்வாங்கும் கை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்றாம் தவணையைப் போட்டுக்கொள்ள மறந்துவிடுகிறது! யாருடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. எனவே எல்லா நோயாளிகளிடமும் ஒரே அளவு முன்னெச்சரிக்கை என்பதே விதி. ஒருவருக்கு மட்டும் கூடுதல் கையுறை அணிவது பாதுகாப்பு ஆகாது, அது அவமதிப்பு.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியதும் பயிற்சியில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கப்படுகிறது. காயத்தைப் பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைக்கக் கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். தடுப்பு மருந்தின் முதல் வேளையை இயன்றால் இரண்டு மணி நேரத்திற்குள், எவ்வாறாயினும் 72 மணி நேரத்திற்குள் உட்கொள்ள வேண்டும். பின்னர் 28 நாட்கள் தொடர வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் தூய்மைப் பணியாளருக்கு அம்மருந்து எந்த அலமாரியில் உள்ளது, யாரை எழுப்ப வேண்டும் என்பது தெரிந்திராவிட்டால் இந்த மணிக்கணக்கால் பயனில்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கும் இதே மருந்து, இதே கால எல்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவினருக்கு இது தனியே கற்பிக்கப்படுகிறது.

இத்தகைய வேளையில், பணியாளருக்குக் குத்திய ஊசி உங்கள் உறவினருக்குப் பயன்படுத்தியதாக இருப்பின், அவருடைய இரத்தத்தைச் சோதிக்க உங்களிடம் ஒப்புதல் கேட்கக்கூடும். அது ஐயத்தால் கேட்பது அன்று. எவருடைய ஊசியாயினும் அவ்வாறே கேட்போம்.

எவ்வாறு பயில்கிறார்கள்?

மருத்துவர்கள் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரமேனும் தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க நெறிமுறை கூறுகிறது. மணிக்கணக்கு நல்லதே. எனினும் குளிரூட்டிய அரங்கில் அமர்ந்து, விளக்கப்படங்களைக் கண்டு, சான்றிதழும் மதிய உணவும் பெற்றுத் திரும்புவதால் மட்டும் கையின் பழக்கம் மாறிவிடாது என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. வார்டில், உண்மையான நோயாளியின் முன், அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று திருத்தும்போதுதான் மாறுகிறது.

தொலைவில் உள்ள சிறு மையங்களுக்கு அத்தகைய மூத்தவர் எப்போதும் கிடைப்பதில்லை. அக்குறையை ஓரளவு போக்குவது காணொளி வழிக் கலந்தாய்வு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய 'எக்கோ' என்னும் முறை, இன்று நம் நாட்டின் எச்.ஐ.வி. மையங்களிலும் வழங்குகிறது. ஒரு மையத்தின் மருத்துவர் தமக்குச் சிக்கலாகத் தோன்றும் நோயாளியின் நிலையை விவரிப்பார்; வல்லுநரும் பிற மையத்தினரும் கேள்வி எழுப்புவர்; எல்லோரும் சேர்ந்து முடிவை நாடுவர். இவ்வாறு விவாதிக்கும்போது நோயாளியின் பெயரோ ஊரோ முகமோ வெளியிடப்படுவதில்லை. வயது, மருந்து, பரிசோதனை முடிவுகள் ஆகியவை மட்டுமே பேசப்படும்.

பயிற்சி மருத்துவருக்கு மட்டும் உரியதும் அன்று. பதிவுச் சீட்டு எழுதுபவர் உரத்த குரலில் "ஏ.ஆர்.டி.யா?" என்று கேட்டுவிட்டால், உள்ளே இருக்கும் மருத்துவரின் புலமை முழுவதும் வீண். ஆய்வக நுட்பர், ஒரே ஒரு சோதனையில் 'பாசிட்டிவ்' என்று தென்பட்டதும் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் ஒரு குடும்பமே சிதையக்கூடும். மூன்று வெவ்வேறு சோதனைகளும் ஒத்துவந்த பின்னரே தொற்று உறுதி என்று அறிவிக்க வேண்டும்; அதுவும் தனியறையில், ஆலோசகர் வாயிலாக. ஆகவே வாயிற்காவலர் வரை அனைவரும் அந்தப் பிற்பகலில் வந்து அமர்கின்றனர்.

எங்கள் பயிற்சிகளில் மிகுந்த பயன் தருவது எது என்று பார்த்தால், எச்.ஐ.வி. உள்ளோரே வந்து பேசும் ஒரு மணி நேரம்தான். தமிழகத்திற்கு இது புதிதன்று. எச்.ஐ.வி. உள்ளோர் தாமே ஒன்றுகூடி அமைத்த இந்தியக் கூட்டமைப்பு 1997இலும், பெண்களுக்கான கூட்டமைப்பு 1998இலும் சென்னையில்தான் தோன்றின. தம் பிரசவத்தின்போது செவிலியர் தம்மைத் தொடாமல் நின்றதை ஒரு தாய் அமைதியாக எடுத்துரைக்கும்போது, எந்த விளக்கப்படமும் செய்யாததை அது செய்கிறது. பேச முன்வருவது முற்றிலும் அவரவர் விருப்பம். மறுப்பவருடைய சிகிச்சையில் எந்த வேறுபாடும் இராது.

தடுப்பிலும் கற்க வேண்டியவை பெருகுகின்றன. தொற்று வரும்முன்னரே உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் 2015இல், தொற்று அபாயம் மிகுந்தோர் அனைவருக்கும் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில், ஆண்டுக்கு இரண்டே முறை போடும் லெனாகாபவிர் ஊசியையும் தடுப்பு வழிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. இவை யாருக்குப் பொருந்தும் என்பதை ஆலோசகரிடம் கேட்கலாம். கேட்பதனாலேயே உங்கள் நடத்தையை எவரும் எடைபோடக் கூடாது என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

நீங்கள் கேட்கலாம்

"என் மருந்து இன்றைய பரிந்துரைப்படி உள்ளதா? என் வைரஸ் அளவு என்ன? இந்தப் புதிய மாத்திரை என் ஏ.ஆர்.டி.யுடன் ஒத்துப்போகுமா?" இம்மூன்றையும் ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள். உடனே விடை தெரியாதவர், "பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறினால் அவரைக் குறைவாக எண்ண வேண்டாம், அவரே கற்பவர். நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடமும் கேட்கலாம். வேறு மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ வாங்கிய மருந்து எதுவாயினும், நாட்டு மருந்தாயினும், உறையுடன் கொண்டுவந்து காட்டுங்கள். மருந்தை மட்டும் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை நிறுத்திவைக்காதீர்கள்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, உங்களுக்குத் தெளிவான உரிமைகளை அளிக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சையை மறுக்கக் கூடாது. விவரம் கூறி ஒப்புதல் பெறாமல் சோதிக்கக் கூடாது. உங்கள் நிலையை உங்கள் ஒப்புதலின்றிப் பிறருக்கு வெளியிடக் கூடாது. நீதிமன்ற ஆணை போன்ற, சட்டமே குறிப்பிடும் சில நிலைகள் மட்டும் விலக்கு. அதே சட்டம், பணியாளர்களுக்கு முன்னெச்சரிக்கைப் பயிற்சியும் தடுப்பு மருந்தும் அளிப்பதை மருத்துவமனையின் கடமையாகவும் ஆக்கியுள்ளது. பணியாளர் பாதுகாப்பாக உணர்ந்தால்தான் நோயாளி மதிக்கப்படுவார் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர் போலும்.

இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இச்சட்டத்தின்கீழ் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எங்கேனும் உங்களைத் தொடத் தயங்கினாலோ, உங்கள் நிலையைப் பிறர் கேட்கப் பேசினாலோ, அவரிடம் எழுத்து வழியாகத் தெரிவியுங்கள். அங்கே தீர்வு கிட்டாவிட்டால் மாநில அளவில் குறைதீர்ப்பாளரை அணுகலாம். எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். பெயரைக் கூறாமலும் பேசலாம்.